வேர்டில் அழகாக இருந்த நாவல் மின்னூலில் ஏன் சிதறுகிறது?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 40 அத்தியாய நாவல் ஒன்றை வேர்டில் தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாக அழகுபடுத்தி முடித்தீர்கள். மின்னூலாக மாற்றியதும் 7ஆம், 12ஆம் அத்தியாயங்கள் பொருளடக்கத்தில் காணவில்லை. சில பத்திகள் உள்ளே தள்ளி நிற்கின்றன, சில ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் சில இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மூன்று மென்பொருள்களில் மாற்றிப் பார்த்தீர்கள், மூன்றிலும் மூன்று விதமாகச் சிதைகிறது. எந்த மென்பொருள் நல்லது, அடிக்குறிப்புகள் தொலையாமல் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று மென்பொருள் மூன்று விதமாகக் காட்டுகிறது என்று நீங்கள் எழுதிய அந்த வரியிலேயே விடை இருக்கிறது. எது அத்தியாயத் தலைப்பு, எது சாதாரணப் பத்தி, எது கடிதம், எது கவிதை என்று உங்கள் கோப்பு எங்கேயும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் ஊகிக்கிறது. நான்காவதாக ஒன்றை வாங்கினாலும் அது நான்காவது விதமாக ஊகிக்கும். கோப்பே இதைச் சொல்லும்படி செய்ய வேண்டும். அதற்குத்தான் வேர்டிலும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீசிலும், ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று பெயரிட்டுக் குறிக்கும் ஸ்டைல் என்ற வசதி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக எழுத்தாளர்களின் கைப்பிரதிகளை மின்னூலாக்கித் தருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி வேர்டு கோப்பைச் சீர்செய்வதில்தான் போகிறது. அது முடிந்தால் மாற்றுவது சில நிமிட வேலை.

உங்கள் 12ஆம் அத்தியாயத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, தடித்த எழுத்தாக்கி, அளவை 16 ஆக்கி, நடுவில் நிறுத்தியிருப்பீர்கள். கண்ணுக்கு அது தலைப்பு. ஆனால் கோப்புக்குள் அது ‘நார்மல்’ வகைப் பத்தி. அதன்மேல் தடிப்பு, அளவு, இடம் என்று மூன்று தனித்தனி ஒட்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். பொருளடக்கத்தில் ஒழுங்காக வந்த மற்ற அத்தியாயங்களுக்கு ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலை எப்போதோ சொடுக்கியிருப்பீர்கள், இந்த இரண்டுக்கு மட்டும் கையால் அழகுபடுத்தியிருப்பீர்கள். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மாற்றும் மென்பொருளுக்கு ஒன்று தலைப்பு, மற்றொன்று கொஞ்சம் தடித்த பத்தி.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. விண்டோஸ் வேர்டில் ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘நேவிகேஷன் பேன்’ என்பதைத் திறங்கள். இடப்பக்கம் வரும் பட்டியலில் 40 தலைப்புகளும் வரிசையாக இருக்க வேண்டும். அங்கே இல்லாத அத்தியாயம் மின்னூலின் பொருளடக்கத்திலும் வராது. அங்கே தலைப்புக்குப் பதில் ஒரு முழுப் பத்தியே நிற்கிறது என்றால், அந்தப் பத்திக்கு ஹெடிங் ஸ்டைல் தவறுதலாக ஏறிவிட்டது என்று பொருள். புதிதாக ஒரு கைப்பிரதி வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

இபப் கோப்பு உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் இந்த விஷயம் மனத்தில் நன்றாகப் பதியும். இபப் என்பது மின்னூல்களுக்கான பொதுவான கோப்பு வடிவம், உண்மையில் அது ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே இணையப் பக்கங்கள் போன்ற கோப்புகளும், அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு தனிக் கோப்பும், படங்களும், பொருளடக்கமும் இருக்கும். 2007இல் தரநிலையாக வந்தபோதும், 2011இல் இபப் 3 வந்தபோதும், பிறகு இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கைக்கு வந்து 2023இல் 3.3 ஆனபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. ஸ்டைல் போட்ட தலைப்பு அதற்குள் ‘முதல்நிலைத் தலைப்பு’ என்ற ஒரே குறியோடு சுத்தமாகப் போய் உட்காரும். கையால் அழகுபடுத்திய தலைப்போ பத்திக்குள் ஒரு துண்டு, அதற்குள் தடிப்பு, அதற்குள் எழுத்துருவின் பெயர், அதற்குள் அளவு என்று வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் போகும். கைபேசியில் பெரிதாக மறுக்கும் உங்கள் இடங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே எழுத்தளவு 14 என்று ஒட்டியிருக்கும், சில செயலிகள் வாசகரின் விருப்பத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எப்படிச் சீர்செய்வது? கோப்பின் நகல் ஒன்றை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் தெரியும். எங்கே என்டர் தட்டினீர்கள், எங்கே டேப், எங்கே வரிசையாக ஸ்பேஸ் பட்டன் என்று கோப்பின் எலும்புக்கூடு அப்படியே வெளியே வரும். முதல் முறை பார்க்கும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அடுத்து, வெற்று வரிகளை அழிக்கும் முன் நாவல் முழுவதையும் ஒருமுறை புரட்டுங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் வருந்துகிறார்கள். வெற்று வரிகளில் சில வெறும் அலங்காரம், சில கதையின் ஒரு பகுதி. ஒரு காட்சி முடிந்து அடுத்த நாள் காலை தொடங்குகிறது என்பதைக் காட்ட நீங்கள் விட்ட இடைவெளி, எழுத்தாளராக நீங்கள் எடுத்த முடிவு. அந்த இடங்களில் எல்லாம் மூன்று நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். வெற்று வரியாகவே விட்டால், மின்னூலில் அது திரையின் கடைசி வரியாக அமையும்போது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும், காட்சி மாறியதை அறியாமல் படித்துக் குழம்புவார். குறி போட்டு முடித்த பிறகு தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ‘ஸ்பெஷல்’ பட்டனில் இருக்கும் ‘பாராகிராஃப் மார்க்’ இரண்டைத் தேடி ஒன்றாக மாற்றுங்கள். மாற்ற இனி ஒன்றுமில்லை என்று வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டேப் குறிகளையும் இப்படியே தேடி நீக்கிவிடலாம்.

கையால் ஒட்டியவற்றை உரிக்க, பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால் பத்தி சார்ந்த ஒட்டுகள் போகும், கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் எழுத்து சார்ந்த ஒட்டுகள் போகும். லிப்ரே ஆபீசில் கண்ட்ரோலும் எம்மும். ஆனால் இரண்டாவது வேலை நீங்கள் வேண்டுமென்றே சாய்த்த சொற்களையும் நிமிர்த்திவிடும். அதனால் முதலில் சாய்வெழுத்துகளை மட்டும் தேடச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் இரட்டைச் சதுர அடைப்பு வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘ஃபைண்ட் வாட் டெக்ஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது, தேடிக் கிடைத்த சொல்லையே அது திரும்ப வைக்கும். ஒட்டுகளை உரித்து முடித்ததும் அந்த அடைப்புகளைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதற்கு ‘எம்ஃபசிஸ்’ என்ற எழுத்து ஸ்டைலைக் கொடுத்துவிட்டு அடைப்புகளை நீக்கிவிடலாம்.

இங்கே தமிழுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் என்று தனியாகக் கிடையாது. மென்பொருள் நிமிர்ந்த எழுத்தையே வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டும், கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ‘எம்ஃபசிஸ்’ ஸ்டைல் போட்டிருந்தால், சாய்வு பிடிக்கவில்லை என்று தோன்றும் நாளில் அந்த ஒரு ஸ்டைலைத் தடித்த எழுத்தாகத் திருத்தினால் போதும், நாவல் முழுவதும் மாறிவிடும். கையால் சாய்த்திருந்தால் ஒவ்வொரு சொல்லாக வேட்டையாட வேண்டியிருக்கும்.

இப்போது ஸ்டைல் கொடுக்கும் வேலை. ஒரு நாவலுக்கு ஏழெட்டு ஸ்டைல் போதும்: அத்தியாயத் தலைப்பு, அத்தியாயத்தின் முதல் பத்தி, சாதாரணப் பத்தி, காட்சி மாற்றம், கடிதம் அல்லது மேற்கோள், கவிதை, படம். அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ‘ஹெடிங் 1’ஐயே எடுத்து அதன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ‘என் தலைப்பு’ என்று நீங்களே பெயர் வைத்தால் அது எந்த நிலைத் தலைப்பு என்று மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். ‘ஹெடிங் 1’ என்றால் எல்லா மென்பொருளுக்கும் தெரியும். அதிலேயே ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள், ஒவ்வொரு அத்தியாயமும் தானாகவே புதுப் பக்கத்தில் தொடங்கும். என்டர் விசையைப் பதினைந்து முறை தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கையால் அழகுபடுத்திய தலைப்புகள் நிறைய இருந்தால், ஒட்டுகளை உரிக்கும் முன்பே ஒன்றில் கர்சரை வைத்து, ‘ஹோம்’ பகுதியின் ‘செலக்ட்’ பட்டியலில் ஒரே மாதிரி வடிவமைப்பு உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். அத்தனையும் ஒன்றாகத் தேர்வாகும், ஒரே சொடுக்கில் ‘ஹெடிங் 1’ ஆக்கிவிடலாம்.

சாதாரணப் பத்திக்கு ‘நார்மல்’ ஸ்டைலையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். வேர்டில் தலைப்பு உட்படப் பல ஸ்டைல்கள் ‘நார்மல்’ஐ அடிப்படையாகக் கொண்டவை. பத்தியின் முதல் வரி உள்ளே தள்ள வேண்டும் என்று ‘நார்மல்’இல் மாற்றினால், நடுவில் நிற்க வேண்டிய தலைப்பும் படமும் அந்தத் தள்ளலைச் சுமந்துகொண்டு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். என்ன தப்பு என்றே பிடிபடாது. ‘பாடி டெக்ஸ்ட்’ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் பெயரில் ஒன்று செய்துகொள்ளுங்கள். முதல் வரித் தள்ளலுக்கு அரை சென்டிமீட்டர் போதும். வேர்டின் வழக்கமான டேப் 1.27 சென்டிமீட்டர். அச்சுத்தாளில் அது அடக்கமாகத் தெரியும், ஆறேழு சென்டிமீட்டர் அகலமுள்ள கைபேசித் திரையில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

வரி இடைவெளியில் ‘எக்ஸாக்ட்லி’ என்ற தேர்வைத் தொடவே தொடாதீர்கள். 18 புள்ளி என்று கறாராகக் கட்டிவிட்டால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி மட்டும் அதே உயரத்தில் நிற்கக்கூடும். மேல்வரியின் ‘கூ’, ‘மூ’ போன்ற எழுத்துகளின் அடிச்சுழிகள் கீழ்வரியின் ‘கி’, ‘மீ’ எழுத்துகளின் மேல்வளைவுகளோடு மோதிக்கொள்ளும். எழுத்தின் நிறத்தையும் ‘ஆட்டோமேடிக்’ என்றே விடுங்கள். கறுப்புதானே என்று கறுப்பைத் தேர்ந்தெடுப்பது வேறு, நிறமே சொல்லாமல் விடுவது வேறு. ஒருமுறை ஓர் எழுத்தாளர் இரவில் அழைத்து, “ஒரு அத்தியாயம் முழுக்கக் காணவில்லை, வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது” என்றார். இணையப் பக்கம் ஒன்றிலிருந்து ஒட்டிய அத்தியாயம் அது, எழுத்துகளுக்குக் கறுப்பு என்று நிறம் ஏறியிருந்தது. பகலில் வெள்ளைத் திரையில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. படுக்கையில் இரவுப் பயன்முறைக்கு மாற்றியதும் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து. அனுப்பும் முன் நான் இரவுப் பயன்முறையில் திறந்து பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த நூலையும் அப்படிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

நாவலுக்குள் கவிதை இருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்பேஸ் பட்டனைத் தட்டி வரிகளை நகர்த்தி அமைப்பது கைபேசியில் நிச்சயம் உடையும். ஒரு கண்ணி முழுவதையும் ஒரே பத்தியாக வைத்து, வரி முடிவில் ஷிஃப்டோடு என்டர் தட்டுங்கள். கவிதை ஸ்டைலில் ‘ஹேங்கிங்’ என்ற உள்தள்ளலைக் கொடுங்கள். நீண்ட அடி திரையில் இடம் போதாமல் மடியும்போது, மடிந்த பகுதி உள்ளே தள்ளி நிற்கும், இது புது அடி இல்லை என்று வாசகருக்குப் புரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அடிகள் அடிக்கடி மடியும். இந்தச் சிறு ஏற்பாடு கவிதையைக் காப்பாற்றிவிடும்.

அடிக்குறிப்புகள் தொலையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேர்டின் ‘இன்சர்ட் ஃபுட்நோட்’ வழியாகப் போட்டிருந்தால் தொலையாது. மின்னூலில் அவை தொட்டால் குறிப்புக்குப் போய்த் திரும்பும் இணைப்புகளாக மாறும். எண்ணைக் கையால் எழுதி, பக்கத்தின் அடியில் கோடு கிழித்துக் குறிப்பைத் தட்டச்சு செய்திருந்தால், மின்னூலில் பக்கத்தின் அடி என்று ஒன்று நிலையாக இல்லாததால் குறிப்பு கதையின் நடுவே வந்து விழும். இன்னொரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து வெறும் எழுத்தாகத் திரும்பக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்குங்கள் என்று பலர் யோசனை சொல்வார்கள். படுமோசமாகக் குழம்பிய கோப்புக்கு அது நல்ல மருந்துதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் உண்மையான அடிக்குறிப்புகளும் படங்களும் சாய்வெழுத்துகளும் அதில் அடியோடு போய்விடும். உங்கள் நாவலில் அடிக்குறிப்புகள் இருப்பதால் அந்த வழி உங்களுக்கு வேண்டாம். மேலே சொன்னபடி அத்தியாயம் அத்தியாயமாக உரியுங்கள். அப்படி உரிக்கும்போது அடிக்குறிப்பு எண்கள் மேலே ஏறி நிற்காமல் சாதாரண எண்ணாக இறங்கிவிட்டால் பதறாதீர்கள், ‘ஃபுட்நோட் ரெஃபரன்ஸ்’ ஸ்டைலைக் கொடுத்தால் திரும்ப ஏறிவிடும்.

இதோடு, கோப்பு முழுவதும் யூனிகோடில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அத்தியாயம் ஏதாவது பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், எந்த ஸ்டைலும் அதைக் காப்பாற்றாது. வாசகரின் கருவியில் அந்த எழுத்துரு இல்லாதபோது அது ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரியும், முதலில் மாற்றியாக வேண்டும். யூனிகோடிலும் ‘கௌ’ என்று ஔகாரக் குறியோடு அடிக்க வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் ளகர எழுத்தும் சேர்ந்து வந்திருக்கலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், மின்னூலில் சொல்லைத் தேடும் வாசகருக்கு அகப்படாது. மாற்றும்போது மின்னூலின் மொழி தமிழ் என்று குறிப்பிடவும் மறக்காதீர்கள். அது ஆங்கிலம் என்று கிடந்தால், நூலை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்குச் செயலி ஆங்கிலக் குரலைக் கொண்டுவந்து தடுமாறக்கூடும். அவருக்கு அத்தியாயத்திலிருந்து அத்தியாயத்துக்குத் தாவிச் செல்ல உதவுவதும் நீங்கள் போட்ட ‘ஹெடிங் 1’தான். இந்த வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இது.

இதில் எதற்கு உறுதி சொல்வேன், எதற்குச் சொல்ல மாட்டேன் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். தலைப்பு, பத்தி, வலியுறுத்தல், அடிக்குறிப்பு ஆகிய அமைப்பு விஷயங்கள் ஸ்டைல் வழியாகப் போட்டால் எந்த நல்ல மென்பொருளிலும் ஒழுங்காகப் போய்ச் சேரும், இதற்கு உறுதி சொல்கிறேன். தோற்றத்துக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு, இருபுறமும் நேராக்கிய பத்தி, அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாம் செயலிக்குச் செயலி மாறும், வாசகரும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். இருபுறமும் நேராக்குவதைத் தமிழில் நான் தவிர்க்கிறேன், நீண்ட சொற்களால் வரிக்குள் ஓட்டைகள் விழுகின்றன. அது என் ரசனை, மாற்றுக் கருத்து உள்ளவர்களும் நல்ல நூல்கள் செய்கிறார்கள். மேலும், நான் சொன்னவை நாவல், சிறுகதை, கட்டுரை போன்ற எழுத்து நூல்களுக்கே. அட்டவணைகள் நிறைந்த பாடநூலுக்கோ, பக்கம் முழுவதும் படம் கொண்ட சிறார் நூலுக்கோ ஸ்டைல் மட்டும் போதாது.

மென்பொருள் எது என்று கேட்டதற்கு: வேர்டில் நேரடியாக இபப் ஆகச் சேமிக்கும் வசதி இல்லாததால், வேர்டின் டாக்ஸ் கோப்பைக் காலிபர் என்ற மின்னூல் மென்பொருள் வழியாக மாற்றுங்கள், இலவசம். லிப்ரே ஆபீசிலேயே எழுதுபவர்களுக்கு 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இபப் ஏற்றுமதி உள்ளேயே இருக்கிறது. மாற்றியதை இபப்செக் என்ற சோதனைக் கருவி கொண்டு சோதியுங்கள். அது கோப்பு தரநிலைப்படி இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். 12ஆம் அத்தியாயத் தலைப்பு வெறும் தடித்த பத்தியாக இருந்தாலும் பிழையில்லை என்றே சொல்லும், அதனால் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. திருத்தம் தேவைப்பட்டால் இபப்பைத் திறந்து ஒட்டுப்போடாமல், வேர்டு கோப்பில் திருத்தி மறுபடி மாற்றுங்கள். 2021இல் அமேசான், திரைக்கேற்ப ஓடும் நூல்களுக்கு மோபி என்ற பழைய மின்னூல் வடிவக் கோப்பை ஏற்பதை நிறுத்தியபோது, மூலக்கோப்பு சுத்தமாக இருந்த நூல்களை நான் சில நிமிடங்களில் இபப்பாக எடுத்துவிட்டேன். மோபியிலேயே ஒட்டுப்போட்டு வைத்திருந்த பழைய நூல்களை மட்டும் அடியிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் நாவலுக்கு இந்த வேலை ஒரு முழு நாள் எடுக்கும், முதல் முறை என்பதால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். தொடங்கும் முன், 12ஆம் அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து ஷிஃப்டும் எஃப்1உம் அழுத்துங்கள். வலப்பக்கம் ஒரு பட்டியல் திறக்கும், அதன் அடியில் ஸ்டைலின் மூலத்தைக் காட்டும் சிறு பெட்டியையும் தேர்ந்தெடுங்கள். எது ஸ்டைலால் வந்தது, எது கையால் ஒட்டியது என்று பிரித்துக் காட்டும். அதில் என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள், 7ஆம் அத்தியாயத்துக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.